குளுட்டாதயோன் முதல் மங்கு வரை: அழகுக்கலை மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை தேடுவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண சீசன் தொடங்கிவிட்டால், அழகுக்கலை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடத்தில் இல்லாத கேள்விகள் வர ஆரம்பிக்கும். பயிற்சிக்குப் போகும் பார்லரில் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கூட வந்த ஆச்சி மெதுவாகக் கேட்பார்: "ஏத்தா, குளுட்டாதயோன் ஊசி போட்டா ஒரே மாசத்துல கலர் வந்துருமாமே, நெசமா?"

இதற்குப் பதில் தேட மூன்று இடங்கள் கையருகே இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் ரீல், கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப் போன வழவழப்பான தாள், அப்புறம் போனில் இருக்கும் ஏஐ. மூன்றும் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொல்லும். ஆனால் எதை வைத்துச் சொல்கின்றன என்று கேட்டால்தான் ஒன்றும் வெளியே வராது. ஆய்வுக் கட்டுரை படிக்கப் பழகுவது அதற்காகத்தான். கட்டுரையும் தப்பாக இருக்கலாம். ஆனால் எத்தனை பேரிடம், எதை, எவ்வளவு நாள், எப்படி அளந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை எழுதி வைத்தாக வேண்டும். அந்தக் காலத்து வட்டிக்கடைக் கணக்கில் பேரேட்டில் ஒரு வரி இருந்தால், அதற்குரிய கைச்சீட்டைக் காட்டச் சொல்வார்களே, அதுபோலத்தான். நம்பகமான மூலம் என்றால் கைச்சீட்டைக் காட்டும் மூலம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரை பொதுவாக நம்பகமானது, இன்னொன்று பொதுவாக நம்ப முடியாதது என்று பிரித்து வைக்க முடியாது. ஒரே கட்டுரை ஒரு கேள்விக்கு நல்ல சாட்சியாகவும் இன்னொரு கேள்விக்கு ஒன்றுக்கும் உதவாததாகவும் இருக்கும். கீழே வரும் இரண்டு உதாரணங்களையும் இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

ஆறில் இரண்டு

குளுட்டாதயோனையே எடுத்துக்கொள்வோம். அது சருமத்தை வெளுக்க வைக்கும் என்பவர்கள் அடிக்கடி காட்டும் ஆய்வு தாய்லாந்தில் நடந்தது. ஜர்னல் ஆஃப் டெர்மடலாஜிக்கல் ட்ரீட்மென்ட் என்ற ஆய்விதழில் 2012-ல் அச்சானது. 60 மருத்துவ மாணவர்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் 500 மில்லிகிராம் குளுட்டாதயோன் வாய்வழியாக, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத பிளாசிபோ. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சாப்பிட்டவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரம் கழித்துத் தோலில் ஆறு இடங்களில், நிறம் தரும் மெலனின் அளவைக் கருவியால் பார்த்தார்கள்.

அமைப்பு என்று பார்த்தால் நல்ல ஆய்வுதான். முடிவு என்ன? ஆறு இடங்களிலும் அளவு இறங்கியிருந்தது. ஆனால் பிளாசிபோ குழுவோடு ஒப்பிட்டு, இது தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இருந்தது இரண்டே இடங்களில்: முகத்தின் வலப்பக்கம், வெயில் படும் இடது முன்கை. மீதி நான்கு இடங்களில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வாருங்கள். அவர் கேட்டது ஊசியைப் பற்றி. ஆய்வு வாய்வழி மருந்தைப் பற்றி. அவர் கேட்டது கண்ணுக்குத் தெரியும் நிறத்தை. ஆய்வு சொல்வது கருவி காட்டும் எண்ணை. நான்கு வாரத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதற்கு அதில் இடமே இல்லை. இத்தனையும் தாண்டி, இது விளம்பரத் தாளுக்கு வரும்போது "மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரே வரியாகிவிடும். அந்த வரி முழுப் பொய்யில்லை, அதனால்தான் பிடிபடாமல் போகிறது. ஊசியைப் பொறுத்தவரை, சருமத்தை வெளுக்க வைக்கும் ஊசி மருந்து எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015-லேயே எச்சரித்திருக்கிறது. ஒழுங்குமுறை அமைப்புகளின் எச்சரிக்கைகளையும் ஆய்வுக் கட்டுரைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான். மாணவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கமே போவதில்லை.

ஒரு கட்டுரையை எடுத்தவுடன் எத்தனை பேர், எந்த மாதிரி ஆட்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை நாள், யார் அளந்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்ற ஆறையும் நோட்டில் எழுதிவிடுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில் கட்டுரையின் அடியில், நிதியுதவி, ஆதாய முரண் என்ற தலைப்புகளில் சின்ன எழுத்தில் இருக்கும். சுருக்கத்தையும் பள்ளத்தையும் நிரப்ப ஊசியால் போடும் ஃபில்லரை விற்கும் கம்பெனி, தன் ஃபில்லரைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் கொடுப்பது குற்றமில்லை. இந்தத் துறையில் கம்பெனிப் பணம் இல்லாத ஆய்வு மட்டுமே வேண்டுமென்றால் படிக்க அதிகம் மிஞ்சாது. ஆனால் தெரிந்துகொண்டு படிப்பது வேறு, தெரியாமல் படிப்பது வேறு.

முகம் சார்ந்த ஆய்வுகளுக்கே உரிய ஒரு வசதி உண்டு. முகத்தின் ஒரு பாதிக்கு ஒரு சிகிச்சை, மறு பாதிக்கு இன்னொன்று என்று ஒரே ஆளிடம் ஒப்பிடலாம். ஸ்ப்ளிட்-ஃபேஸ் ஆய்வு என்பார்கள். வயது, சாப்பாடு, ஹார்மோன் எல்லாம் இரண்டு பாதிக்கும் ஒன்றுதானே, அதனால் குறைந்த ஆட்களை வைத்தே உருப்படியான ஒப்பீடு கிடைக்கும். கிரீம், மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல், லேசர் போன்றவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துக்குப் பொருந்தாது, அது பாதி முகத்துக்கு மட்டும் போகாதே.

அளக்கும் முறையையும் கவனியுங்கள். முகத்தில் கருந்திட்டாகப் படியும் மங்கு பற்றிய ஆய்வுகளில் மாஸி என்ற மதிப்பெண் வரும். நெற்றி, இரண்டு கன்னம், தாடை ஆகிய இடங்களில் மங்கு எவ்வளவு பரவியிருக்கிறது, எவ்வளவு கருத்திருக்கிறது, எவ்வளவு சீராக இருக்கிறது என்று பார்த்துப் போடுவது. 0 முதல் 48 வரை போகும். போடுபவருக்கு எந்தச் சிகிச்சை நடந்தது என்பது தெரிந்தால் மதிப்பெண் கொஞ்சம் தாராளமாகிவிடும். மனித சுபாவம், யாரையும் குறை சொல்ல வேண்டாம். அதனால்தான் அளப்பவருக்குத் தெரியாமல் அளந்தார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். மங்கு திரும்பத் திரும்ப வரும் இயல்புடையது என்பதால், எட்டு வாரத்தில் முடிந்த ஆய்வு "குறைந்தது" என்று சொல்லலாமே தவிர "போய்விட்டது" என்று சொல்ல முடியாது.

கோட்டக்கல் நோயாளிகள்

2024 ஏப்ரலில் செய்தித்தாள்களிலும் வாட்ஸப்பிலும் ஒரு செய்தி சுற்றியது: கேரளாவில் சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குக் கிட்னி பாதிப்பு. சிலர் "கிட்னி பெயிலியர்" என்றே போட்டார்கள். எந்த கிரீம் போட்டாலும் கிட்னி போய்விடும் என்று ஒரு பக்கம் பயம், எல்லாம் புரளி என்று இன்னொரு பக்கம் அலட்சியம். மூலத்துக்குப் போனால் இரண்டுமே சரியில்லை என்பது தெரியும்.

மூலம் கிட்னி இன்டர்நேஷனல் என்ற ஆய்விதழில் உள்ள கட்டுரை. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பற்றியது. இந்த நோயில் சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிப் புரதம் சிறுநீரில் கசியும். 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதம் சார்ந்த அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். அந்த கிரீம்களில் இருந்த பாதரசத்தின் மேல் சந்தேகம். எல்லோருக்கும் சிறுநீரில் புரதம் கசிந்தது, ஒருவருக்கு மூளை இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பும் வந்தது. ஆனால் யாருக்கும் சிறுநீரகச் செயல்பாடு கெட்டுவிடவில்லை. "பெயிலியர்" எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

இந்த வகைக் கட்டுரைக்கு நோயாளித் தொடர் என்று பெயர். வந்த நோயாளிகளை வரிசையாக எழுதி வைப்பது. ஒப்பிடும் குழு கிடையாது. ஆகவே கிரீம் பூசும் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இது வரும் என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது, பூசி ஒன்றும் ஆகாதவர்கள் இந்த மருத்துவமனைக்கு வரவே மாட்டார்கள். ஆனால் "இப்படியும் நடக்கும், கவனியுங்கள்" என்ற எச்சரிக்கைக்கு இது மிக நல்ல சாட்சி. உங்கள் வாடிக்கையாளர் லேபிள் இல்லாத டப்பாவையோ, மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரர் பையில் வந்த பெயர் தெரியாத கிரீமையோ காட்டினால், கால் வீக்கம், சிறுநீரில் நுரை இருக்கிறதா என்று கேட்டு, டாக்டரிடம் அனுப்ப இந்தச் சாட்சி போதும்.

பாடப்புத்தகங்களில் சாட்சிகளை ஒரு முக்கோணமாகப் போட்டிருப்பார்கள். அடியில் தனி நோயாளிக் குறிப்பு, மேலே போகப் போக நீண்டகாலத் தொடர் ஆய்வு, குலுக்கல் முறை ஆய்வு, உச்சியில் எல்லா ஆய்வுகளையும் ஒரே முறையில் தேடித் தொகுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவியூ. காக்ரேன் அமைப்பு 1993 முதல் இந்தத் தொகுப்புகளைத்தான் செய்து வருகிறது. "இது வேலை செய்யுமா?" என்ற கேள்விக்கு முக்கோணத்தை மேலிருந்து கீழே படியுங்கள், சரி. ஆனால் "இதனால் என்ன ஆபத்து வரலாம்?" என்று கேட்கும்போது அடித்தட்டைத் தள்ளிவிடாதீர்கள். ஃபில்லர் ஊசி இரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வை பறிபோவது மிக அரிது. நூறு பேரை வைத்து நடக்கும் குலுக்கல் ஆய்வில் அது தலைகாட்டவே காட்டாது. உலகம் முழுவதிலும் சிதறிக் கிடந்த தனி நோயாளிக் குறிப்புகளைத் திரட்டியபோதுதான், 2015-ல் வெளிவந்த ஒரு தொகுப்பில் 98 பார்வைப் பாதிப்புச் சம்பவங்கள் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. புருவ மத்தியும் மூக்கும் மிக ஆபத்தான இடங்கள் என்பதும் அப்படித்தான் உறுதியானது.

நம் ஊர்த் தோல்

இதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். வெயிலுக்குத் தோல் எப்படி மாறுகிறது என்பதை வைத்து, மிக வெளுத்தது ஒன்று, மிகக் கருத்தது ஆறு என்று பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975-ல் வந்தது, அதுவும் ஒளிச் சிகிச்சைக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காக. நம் பக்கத்தில் நாற்காலியில் உட்காருபவர்கள் பெரும்பாலும் நான்கு, ஐந்து வகைகள். ஒன்று, இரண்டு வகைத் தோலில் நடந்த பீல் ஆய்வின் முடிவை அப்படியே இங்கே கொண்டுவந்தால், உரிந்த இடத்தில் கருமை படிந்து நிற்கலாம். ஆய்வு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதில் இருந்தவர்களின் தோல் வகை எது என்பதைப் பார்க்காமல் செய்முறையை எடுத்துவிடாதீர்கள்.

அதனால் இந்திய ஆய்விதழ்களையும் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கமான ஐஏடிவிஎல் நடத்தும் ஐஜேடிவிஎல் (இந்தியன் ஜர்னல் ஆஃப் டெர்மடாலஜி, வெனீரியாலஜி அண்ட் லெப்ராலஜி), இந்தியன் டெர்மடாலஜி ஆன்லைன் ஜர்னல், அப்புறம் ஜர்னல் ஆஃப் க்யூட்டேனியஸ் அண்ட் ஈஸ்தடிக் சர்ஜரி மூன்றையும் காசில்லாமல் படிக்கலாம். கெமிக்கல் பீலுக்கு ஐஏடிவிஎல் குழு வெளியிட்ட வழிகாட்டுதல் 2008-லேயே ஐஜேடிவிஎல்லில் வந்திருக்கிறது. அதே இதழில் 2011-ல் வந்த ஒரு பல மைய ஆய்வில், முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு கிரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். இது தோல் மருத்துவரிடம் வந்தவர்களின் கணக்கு, ஊர் முழுவதின் கணக்கு அல்ல. இருந்தாலும், ஃபேஷியலுக்கு முன்னால் "வீட்ல என்ன கிரீம் பூசுறீங்க ஆச்சி, மெடிக்கல்ல வாங்குனதா?" என்று கேட்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் தேவையில்லை.

தேடும் வேலை

தொடங்க வேண்டிய இடம் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் நடத்துவது, இலவசம். தேடுவதை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே தடுமாற வைப்பது ஆங்கிலத்தைவிட, எந்தச் சொல்லைப் போடுவது என்பதுதான். பார்லரில் பேசும் சொல்லைப் போட்டால் வராது. மருத்துவப் பெயர் வேண்டும். மங்குக்கு மெலாஸ்மா. கருவளையத்துக்குப் பெரிஆர்பிட்டல் ஹைப்பர்பிக்மென்டேஷன். பரு ஆறியபின் நிற்கும் கறைக்குப் போஸ்ட்-இன்ஃப்ளமேட்டரி ஹைப்பர்பிக்மென்டேஷன். பிராண்ட் பெயரையும் தவிருங்கள்: போட்டாக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் சரக்கு, மருந்தின் பெயர் பொட்டுலினம் டாக்ஸின்.

இரண்டு மூன்று கருத்துகளை 'ஆண்ட்' என்ற சொல்லால் இணையுங்கள். ஒன்றுக்கே பல பெயர் இருந்தால் 'ஆர்' போடுங்கள். இரண்டையும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். "மெலாஸ்மா ஆண்ட் டிரானெக்ஸாமிக் ஆசிட்" என்று போட்டாலே கட்டுரைகள் குவிந்துவிடும். இடப்பக்கத்தில் வடிகட்டிகள் இருக்கும். முதலில் சிஸ்டமேட்டிக் ரிவியூவை மட்டும் தேர்ந்து ஒன்றிரண்டைப் படியுங்கள். அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலே உங்களுக்கு அடுத்த வாசிப்பைக் கொடுத்துவிடும். ஒரு நல்ல கட்டுரை சிக்கிவிட்டால், அதற்குப் பின்னால் யார் யார் அதை மேற்கோள் காட்டினார்கள் என்பதைக் கூகுள் ஸ்காலரில் பாருங்கள். பழைய முடிவை யாராவது பின்னால் மறுத்திருந்தால் அங்கே தெரியும். ஸ்காலர் வலை பெரிது, கெண்டையும் வரும் குப்பையும் வரும். பப்மெட்டில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை தரமானது என்றும் நினைக்க வேண்டாம்.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முடிவு எழுதுவது எல்லோரிடமும் உள்ள பழக்கம். ஆறில் இரண்டு போன்ற விஷயங்களெல்லாம் உள்ளே, முடிவுகள் பகுதியின் அட்டவணையில்தான் முழுதாகத் தெரியும். அதனால் முழுக் கட்டுரை வேண்டும், அதற்குப் பணம் கேட்பார்கள். பயந்துவிடாதீர்கள். பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருக்கிறதா பாருங்கள். அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டுக்கொண்டால், சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். கட்டுரையில் இருக்கும் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு மரியாதையாக நான்கு வரி எழுதிக் கேட்டாலும் பலர் அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு வழி ஒரே நாடு ஒரே சந்தா திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் 13,000-க்கு அருகிலான ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. தனியார் டிப்ளமோ படிப்பவர்களுக்கு இது நேரடியாகக் கிடைக்காது என்பது குறைதான். அழகப்பா பல்கலைக்கழகத்திலோ அரசுக் கல்லூரியிலோ படிக்கும் உறவினர் இருந்தால் நூலகத்தில் வெளியாருக்கு என்ன விதி என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த அச்சு நூல்களுக்காக, 1994-ல் சென்னைக்குப் போன அந்தச் சேகரத்தை இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள். மூலத்தைக் கேட்டு ஒரு நூலகப் படியேற இந்த ஊர்ப் பிள்ளைகள் கூச்சப்பட வேண்டியதில்லை.

போலி ஆய்விதழ்களைப் பற்றி இரண்டு வார்த்தை. நாலே நாளில் ஏற்றுக்கொள்கிறோம் என்று விளம்பரம் செய்வது, தோல் முதல் சிவில் இன்ஜினியரிங் வரை ஒரே இதழில் போடுவது, ஆசிரியர் குழுவில் தேடினால் கிடைக்காத பெயர்கள் இருப்பது எல்லாம் அடையாளம். கட்டுரை எழுதியவரிடம் கட்டணம் வாங்குவது மட்டுமே அடையாளம் ஆகாது; நல்ல திறந்தவெளி இதழ்களும் வாங்குகின்றன. திறந்தவெளி இதழ்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா, மருத்துவ இதழ்களைத் தேர்ந்து சேர்க்கும் மெட்லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையதளத்தில் யுஜிசி-கேர் அங்கீகாரம் என்று இன்னும் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம், அந்தப் பட்டியலே 2025-ல் கைவிடப்பட்டுவிட்டது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்குப் பப்மெட்டே மேலே எச்சரிக்கைப் பட்டை போட்டுவிடும்.

ஏஐ கொடுக்கும் மேற்கோள்களை மட்டும் ஒன்றுவிடாமல் சரிபாருங்கள். ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. இன்றைய கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு 10 என்று தொடங்கும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் உண்டு. அதை டிஓஐ தளத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்படும். எண் திறந்தாலும், திறந்த கட்டுரை ஏஐ சொன்னதைத்தான் சொல்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும், அந்தக் கோளாறும் நிறைய உண்டு. மருத்துவப் பெயர் தெரியாதபோது சொல் கேட்கவும், கடினமான பத்தியைப் புரிந்துகொள்ளவும் ஏஐ நல்ல துணை. அதற்கு மேல் வேண்டாம்.

படித்ததை எழுதி வைக்கும்போது கட்டுரைப் பெயர், ஆண்டு, டிஓஐயோடு, தேடிய தேதியையும் தட்டிய சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பப்மெட்டில் இலவசக் கணக்குத் தொடங்கினால் ஒரு தேடலை அப்படியே சேமித்து, புதுக் கட்டுரை வரும்போது மின்னஞ்சல் அனுப்பச் சொல்லலாம். தினமும் வேண்டாம், இன்பாக்ஸ் நிறைந்து நீங்களே அணைத்துவிடுவீர்கள். மாதம் ஒருமுறை என்று வைத்து, மங்குக்கு ஒன்று, பீலுக்கு ஒன்று என இரண்டோடு தொடங்குங்கள்.